பன்னிரண்டடிப் படலைக்காக நான் ஆற்றிய பேருரை

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களிடம் ஒரு குறை உண்டு. எதற்காகப் பேசத் தொடங்கினோம் என்பதை அவர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள். பேச்சு வராதவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் கடைக்குப் போனால் சீனி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் கடைக்குப் போனால் சீனியின் தீமைகளை எடுத்துரைத்து, கடைக்காரரின் பாராட்டைப் பெற்றுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்புகிறோம். இதை ஒரு பொது உண்மைபோல் நான் சொன்னாலும், உள்ளபடி இது என் வாக்குமூலம்.

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்தேன். இந்த நாட்டில் அந்தக் காத்திருப்பு ஒரு தனிப் பருவம். கோடையிலும் சேராது, மாரியிலும் சேராது. அந்தப் பருவத்தில் சிலர் கணினி படிப்பார்கள், சிலர் கேக் அலங்காரம் படிப்பார்கள். நான் பாடசாலை விவாத அணியின் முன்னாள் தலைவி. எனவே இனிமேல் எதையும் படிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். (மாவட்ட மட்டத்தில் சிறந்த விவாதி. கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன்.) குசினியில் புளி முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்வதற்கும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவையை ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். அவையில் அம்மாவும் அம்மியும் மட்டுமே இருக்கும்.

எங்கள் வீடு திருகோணமலையில், உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா பாடசாலை வான் ஓட்டுகிறார். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'வான் அங்கிள்'. இரவில் வான் எங்கள் மதிலோரமாக ஒழுங்கையிலேயே நிற்கும். எங்கள் ஊரில் மான்கள் தெருவில் மாடுபோல் திரியும். விடிந்ததும் வானின் கீழே படுத்திருந்த மான்கள் எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, அம்மாவின் செவ்வரத்தைச் செடியைக் காலைச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளும். காலம் இப்படியே போயிருக்கும். ஆனால் குப்பை எடுக்க வரும் நகரசபையின் ட்ராக்டருக்குப் புதிய பெட்டி ஒன்று பூட்டினார்கள். பழையதைவிட அகலமான அந்தப் பெட்டியால் எங்கள் வானைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒழுங்கையின் கீழ்ப்பாதிக் குப்பை முழுவதும் எங்கள் வானின் பின்னால் வந்து குவிந்தது. வெகு விரைவில் சபையிடமிருந்து அறிவித்தல் வந்தது: ஒழுங்கையில் இரவில் வாகனம் நிறுத்தக் கூடாது; வாகனம் உள்ளவர்கள் தத்தம் முற்றத்தில் நிறுத்த வேண்டும்.

முற்றம் எங்களிடம் இருந்தது. வாசல்தான் போதவில்லை. ஒடுங்கிய ஒழுங்கையில் வானைத் திருப்பி எங்கள் எட்டடிப் படலைக்குள் நுழைப்பது நடக்காத காரியம். பன்னிரண்டடி வேண்டும். வாசல் பன்னிரண்டடி என்றால், அதன் முன்னால், நடக்க ஒரு பலகை மட்டும் கிடக்கத் திறந்தபடி ஓடும் வடிகானையும் அந்த அகலத்துக்குக் கொங்கிறீற் போட்டு மூட வேண்டும். விதி என்ன சொல்கிறது? வீட்டுக்கு ஒரு வாகன வாசல். அதுவும் பத்தடிக்கு மேற்படக் கூடாது. முற்றத்தை முழுக்கச் சீமெந்து பூசவும் கூடாது. மழைநீர் இறங்க மண் விட வேண்டும். பத்தடிக்கு மேல் வேண்டுவோர் விசேட அனுமதி கேட்கலாம். அயலவர் யாரும் ஆட்சேபித்தால் உத்தியோகத்தர் நேரில் வந்து, இரு தரப்பையும் விசாரித்து, முடிவு சொல்வார். (ஒரு வான் நிற்பதற்கு இத்தனை விதி. மான் நிற்பதற்கு ஒன்றுகூட இல்லை.)

அப்பா அனுமதி கேட்டார். அயலவர் ஆட்சேபித்தார்.

அந்த அயலவர் எதிர்வீட்டுப் பரீதா அன்ரி. கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்கு வந்தவர். லொறி ஓடிய கணவர் காலமான பிறகு, வீட்டிலிருந்தபடி பாடசாலைச் சீருடை தைத்து வாழ்கிறார். அப்பாவின் வானில் ஏறும் பிள்ளைகளில் பாதிப்பேர் அன்ரி தைத்த சட்டையோடுதான் ஏறுவார்கள். அவருடைய வீடு ஒழுங்கையின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வடிகான், எங்கள் வாசலைக் கடந்ததும் ஒழுங்கைக்கு அடியால் மறுபக்கம் போய், அன்ரியின் மதிலோரமாகத் துறைமுகத்துக்கு இறங்குகிறது. எங்கள் வாசலில் அது அடைபட்டால், தண்ணீர் ஒழுங்கைக்கு மேலால் பாய்ந்து நேராக அவருடைய முன்னறைக்குள் போகும். தையல் மெஷினும் துணிக்கட்டுகளும் அந்த முன்னறையில்தான் இருந்தன.

எங்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால், வானை உவர்மலையில் உள்ள சித்தப்பா வீட்டில்தான் நிறுத்த வேண்டும். அப்பா விடியுமுன் சைக்கிளில் மேடேறிப் போய் வானை எடுத்து வர வேண்டும். அவருடைய முழங்கால் அவரோடு கோபித்துக்கொண்டு அப்போதே சில காலம் ஆகியிருந்தது. மாரியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பாடசாலை வான் நாலு நாள் பிந்தி வந்தால், பெற்றோர் ஐந்தாம் நாள் வேறு வான் பார்த்துவிடுவார்கள்.

விசாரணைக்கு முந்திய நாள், அப்பா கதிரையில் இருந்து காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னார்: "நான் ரெண்டு வசனம் கதைச்சாக் காணும், பிள்ளை."

"ரெண்டு வசனமோ? அப்பா, இது ஒரு வழக்கு."

"வழக்கில்லையம்மா. தண்ணிக் கான்."

"எதிர்த்தரப்பு எண்டு ஒண்டு இருந்தா அது வழக்குத்தான். அணித் தலைவர்தான் கதைக்க வேணும். இடையில வேற ஆள் வாய் திறந்தா நடுவர் புள்ளி குறைப்பார். நீங்கள் சும்மா இருங்கோ."

"ஆர் நடுவர்?"

"வாற உத்தியோகத்தர்."

அம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "அவள் கதைக்கட்டும். கதைச்சு முடிய கேற் தானா அகலும்." அம்மாவுக்கு இந்த அகலிப்பில் தொடக்கத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. "எட்டடிக்கே நாலு மான் வருது. பன்னிரண்டடி எண்டா மந்தையா வந்து பார்க் பண்ணும். பேந்து வானை எங்க விடுறது?"

நான் தயாரானேன். இங்கே எங்கள் அணியின் இரண்டு வழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். அழிவு அவற்றின் வழியாகத்தான் வந்தது.

முதலாவது வழக்கம், எதிரணியின் வாதத்தை எதிரணியே வியக்கும்படி நாங்களே முதலில் எழுப்பிக் காட்டுவது. பிறகு அதை உடைப்பது. எங்கள் தரப்பை ஆகக் கடைசியில் வைப்பது. ஓலைக் குடிசையை இடித்தால் யார் பார்ப்பார்கள்? மாளிகையாகக் கட்டிவிட்டு இடிக்க வேண்டும். இரண்டாவது, மணி. விவாத மேடையில் ஒரு தரம் மணி அடித்தால் நேரம் முடியப்போகிறது. அடுத்து இரண்டு தரம் அடித்தால் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு சொல் பேசினாலும் புள்ளி போய்விடும். ஆகவே இரட்டை மணி கேட்டதும், எந்தச் சொல்லில் நிற்கிறோமோ அந்தச் சொல்லிலேயே நன்றி சொல்லிக் கதிரையில் இருந்துவிடும்படி எங்களைப் பழக்கியிருந்தோம். எங்கள் அணித் தோழி ஒருத்தி ஓர் இறுதிச் சுற்றில், "ஆகவே பெண்கள்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். பெண்கள் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கிண்ணம் எங்களுக்குத்தான் கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் உத்தியோகத்தர் வந்தார். மெலிந்தவர், கையில் அளவு நாடா, முகத்தில் மத்தியானம் சாப்பிடாத களைப்பு. அம்மா கதிரைகளை ஒழுங்கையில் கொண்டுவந்து போட்டார். கதிரையைக் கண்டதும் சனம் கூடிற்று. எங்கள் ஒழுங்கையில் கதிரை வெளியே வந்தால் அது செத்த வீடாக இருக்கும் அல்லது கூட்டமாக இருக்கும். இரண்டுக்கும் போகாமல் விடுவது முறையல்ல.

உத்தியோகத்தர் எங்கள் வாசலை அளந்தார். வடிகானுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பரீதா அன்ரியிடம், "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, என்ன ஆட்சேபனை?" என்று கேட்டார்.

அன்ரி முக்காட்டைச் சரிசெய்தார். "நா என்னத்தக் கதைக்க, மகன்? தண்ணி வரும். அவ்வளவுதான்."

இவ்வளவுதானா எதிரணி என்று எனக்கு ஒருவித ஏமாற்றமே வந்தது. ஓலைக் குடிசை. இதை இடித்து என்ன பெருமை? முதலில் கட்ட வேண்டும். நான் எழுந்தேன்.

"மதிப்புக்குரிய உத்தியோகத்தர் அவர்களே! ஒழுங்கைவாழ் பெரியோர்களே!"

சனம் நிமிர்ந்தது. அப்பா தன் கதிரையின் நுனிக்கு வந்தார்.

"எதிர்த்தரப்பினர் தண்ணீர் வரும் என்றார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை மாரி அடங்கிக் கிடக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்தோமா? ஒரு வடிகான் யாருக்கு உரியது? அது புறப்படுகிற வாசலுக்கா, போய்ச் சேருகிற வாசலுக்கா? மேட்டில் இருப்பவர் மூடுவது தம் வசதிக்காக. பள்ளத்தில் இருப்பவர் முழங்கால் தண்ணீரில் நிற்பது எந்தக் குற்றத்துக்காக?"

"அது சரி," என்றது ஒரு குரல்.

அந்தக் குரலில் எனக்கு இறக்கை முளைத்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மாரியில் நடந்ததைச் சொன்னேன். அதை நான் எழுதிப் பாடமாக்கவில்லை, தானாக வந்தது. வடிகான் நிரம்பி, தண்ணீர் அன்ரியின் முன்னறைக்குள் ஏறிய நாள் அது. நானும் அம்மாவும் துணிக்கட்டுகளைத் தலையில் தூக்கிக் கட்டிலில் வைத்தோம். அன்ரி மெஷினைத் தூக்க முடியாமல் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். வெள்ளைத் துணியில் ஏறிய சேற்றுக்கறை எத்தனை தரம் துவைத்தும் போகவில்லை. அந்தப் பாடசாலைத் தவணையில் சில பிள்ளைகள் பழைய சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

"பத்தடி என்று சபை சொன்னது கஞ்சத்தனத்தால் அல்ல!" என்று நான் கையை உயர்த்தினேன். "மூடிய இடத்துக்குள் நம் கை எட்டாது. கை எட்டாத இடத்தில் குப்பை தங்கும். குப்பை தங்கிய இடத்தில் தண்ணீர் தன் வழியைத் தானே தேடும். அந்த வழி ஓர் ஏழைத் தையற்காரியின் வாசலாகத்தான் எப்போதும் இருக்கிறது!"

அப்போது ஒழுங்கை முகப்பில் ஒரு தரம் மணி கேட்டது.

என் முதுகு நேரானது. நேரம் முடியப்போகிறது. மாளிகை கட்டி முடிந்துவிட்டது, இடிப்பதற்கோ அரை நிமிடம்கூட இல்லை. பதறக் கூடாது, ஒரே வசனத்தில் திருப்பிவிடலாம் என்று என் பயிற்சி சொன்னது. நான் குரலைத் தாழ்த்தினேன். (திருப்பத்துக்கு முன் குரலைத் தாழ்த்துவது என் தனி முத்திரை.)

"விதி என்பது பலமுள்ளவரைத் தடுக்க மட்டும் வந்ததல்ல, பெரியோர்களே. பள்ளத்தில் இருப்பவரின் நித்திரைக்குக் காவலாகவும் வந்தது. ஆனால்..."

எனக்குப் பின்னால், மிக அருகில், இரண்டு தரம் மணி அடித்தது.

"நன்றி. வணக்கம்," என்று சொல்லிவிட்டு நான் இருந்துவிட்டேன்.

ஒழுங்கை முழுவதும் கை தட்டியது. எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கைதட்டல் எழுந்ததில்லை. என் வெட்கங்கெட்ட தலை, பழக்கதோஷத்தில், இடமும் வலமுமாகப் பணிந்தது. பரீதா அன்ரி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் தட்டவில்லை. தட்டுவதற்காகத் தூக்கிய இரு கைகளும் அவருடைய மடிக்கு மேலே அப்படியே நின்றன.

உத்தியோகத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்," என்று எங்கள் படலையைக் காட்டினேன்.

"ஆனால் எண்டு சொன்னீங்கள். ஆனால் என்ன?"

"நேரம் முடிஞ்சுது சேர்."

"ஆர் சொன்னது?"

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐஸ்பழக்காரர், சைக்கிளோடு இணைத்த பெட்டிக்கு மேலே மணியைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்தார். "நான் ஒண்டும் செய்யேல்ல, சேர். வழமையா அடிக்கிறதுதான்," என்றார்.

ஒழுங்கை சிரித்து முடிக்கச் சற்று நேரம் எடுத்தது. உத்தியோகத்தர் நல்லவர், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "பரவாயில்லை, மிச்சத்தைச் சொல்லுங்கோ," என்றார். நான் மறுபடி எழுந்தேன். மறுப்புரை என்னிடம் முழுமையாக இருந்தது. இன்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன் முதல் வசனம், "மழை எல்லா ஆண்டும் ஒரே அளவாகப் பெய்வதில்லை" என்பது. அதைச் சொன்னேன். மாரியில் நனையாத ஆண்டு ஒன்றை வாழ்நாளில் கண்டிராத அந்தச் சனம் மறுபடியும் சிரித்தது. இரண்டாவது வசனத்துக்காக வாயைத் திறந்தபோது, ஈரக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்த அன்ரியின் முகம் தெரிந்தது. நான் மறுபடி கதிரையில் இருந்துவிட்டேன்.

மணிமேல் பழியைப் போட்டுவிட்டு நான் சில ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தேன். இப்போது அது முழு உண்மையல்ல என்று நினைக்கிறேன். எங்கள் தரப்புக்காக என்னிடம் வாதங்கள் இருந்தன. அன்ரியின் தரப்புக்காக என்னிடம் இருந்தது, தலையில் கனத்த ஈரத் துணிக்கட்டு. எது குரலை நடுங்க வைக்கும் என்று மேடைகளில் யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் பக்கமும் பேசலாம் என்பதைத் திறமை என்று எண்ணியிருந்தேன். நாக்கு எந்தப் பக்கமும் போகும். மனம் அப்படிப் போகாது என்பதை ஓர் ஐஸ்பழ வண்டிக்கு முன்னால் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

உத்தியோகத்தர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் ஏதும் சொல்லப் போறீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒழுங்கையைப் பார்த்தார். "இல்லை சேர். பிள்ளை எல்லாம் சொல்லிட்டா."

முடிவு அங்கேயே சொல்லப்பட்டது. விதிப்படி பத்தடி, அதற்குமேல் இல்லை. பத்தடிக்குள் வான் நுழையாது என்பது எல்லாருக்கும் தெரியும். உத்தியோகத்தர் போகும்போது ஐஸ்பழம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு போனார்.

அன்று பொழுதுபட அம்மா என்னிடம் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்பா சொல்ல இருந்த ரெண்டு வசனம் என்ன தெரியுமே? மூடியை ஒரே சிலாப்பாப் போடாமத் துண்டு துண்டாப் போடுறன், தூக்கலாம். கானை ஒவ்வொரு கிழமையும் நானே துப்பரவாக்குறன், அக்கா. அவ்வளவுதான். பரீதாக்காவும் ஓம் எண்டிருப்பா."

"அப்ப ஏன் சொல்லேல்ல? சேர் கேட்டாரே!"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால நீ கதைச்ச பிறகு, உன்ர கதை பிழை எண்டு அவர் எழும்பிச் சொல்லோணுமோ?"

அந்தத் தேத்தண்ணி ஆறிப்போனது.

மாரி தொடங்கியது. அப்பா இருட்டோடு எழுந்து, ஒரு கையில் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாக, உவர்மலை மேட்டில் ஏறிப் போனார். இறங்கி வரும்போது வானுக்குள் இருந்தாலும் நனைந்த ஆளாகத்தான் வருவார். "வான் அங்கிள், குளிச்சிட்டுத் துடைக்கேல்லையோ?" என்று வானில் ஏறிய சின்னப்பிள்ளை கேட்டதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு பெற்றோர் வேறு வானுக்கு மாறியதைப் பற்றி அவர் சிரிக்காமல் சொன்னார். அந்த நாட்களில் நான் வீட்டில் மிகச் சுருக்கமாகப் பேசினேன். புளி முடிந்தால், "புளி முடிஞ்சுது" என்றேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா பிள்ளைகளை இறக்கிவிட்டு, வானை உவர்மலையில் விட்டு, சைக்கிளில் நனைந்து வந்தபோது வடிகான் விளிம்புவரை நிரம்பியிருந்தது. மேட்டிலிருந்து வந்த சொப்பிங் பைகளும் தென்னோலையும் சேர்ந்து சரியாக எங்கள் வாசலுக்கு முன்னால் இறுகியிருந்தன. தண்ணீர் ஒழுங்கையில் கால்வைக்கத் தொடங்கியிருந்தது. அப்பா உடுப்பை மாற்றவில்லை. வடிகானுக்குள் இறங்கி, நெஞ்சு தண்ணீரில் படக் குனிந்து, கையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். நான் மண்வெட்டியோடு ஓடினேன். எதிர்ப்பக்கத்தில் பரீதா அன்ரி குடையோடு தன் படலையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய படிவரை வந்தது. படியைத் தொட்டது. பிறகு, கடைசியாக ஒரு தென்னோலை இழுபட்டு வர, வடிகான் ஒரு பெரும் சத்தத்தோடு விழுங்கிக்கொண்டு கீழே ஓடியது.

அப்பா மதிலைப் பிடித்து மேலே ஏறினார். இரைக்க இரைக்க என்னிடம் சொன்னார்: "மூடியிருந்தா... நான் கையை எங்க விட்டிருப்பன்?" அதற்குமேல் அந்த விசாரணையைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

அன்ரி முழங்கால் நனைய ஒழுங்கையைக் கடந்து வந்தார். "தம்பி, வான் எங்க?"

"உவர்மலையில அக்கா."

"இந்தக் காலோட ஏன் அங்க போறீங்க? நம்முட வளவுக்குள்ள கொண்டாந்து விடுங்க."

"எங்க அக்கா?"

"அங்கால பாருங்க," என்று அன்ரி தன் படலையைக் காட்டினார். அவருடைய கணவரின் லொறி ஒரு காலத்தில் போய்வந்த படலை அது. பதினான்கடி. வடிகான் அந்த வாசலைத் தாண்டித்தான் மறுபக்கம் வந்து சேர்கிறது; விதியும் அந்தப் படலைக்குப் பிறகு வந்ததுதான். எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படலைதான். அதற்குள் வானை விடலாமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் வாதாடுகிற குடும்பமாக மாறியிருந்தோம். கேட்கிற குடும்பமாக இருந்திருந்தால் ஒரு மாரி நனையாமல் போயிருக்கும்.

"ஆனா ஒண்ணு," என்றார் அன்ரி. "சுபஹுத் தொழுகைக்கு முன்ன ஹோன் அடிக்கப்படாது. ஒயில் ஒழுக விடப்படாது. சந்தைக்குப் போகக்குள்ள என்னயும் ஏத்தணும்."

"ஓம் அக்கா, ஓம்," என்றார் அப்பா. சேற்றுக்குள்ளால் பல் தெரியச் சிரித்தார்.

வான் இன்றும் அங்கேதான் நிற்கிறது. மான்களும் இடம் மாறிவிட்டன; அவை அன்ரியின் மல்லிகைப் பந்தலைத் தின்கின்றன, அம்மா தன் செவ்வரத்தைக்குப் பின்னால் நின்று அதற்கு அனுதாபம் தெரிவிக்கிறார். வடிகானை அப்பாவும் அன்ரியும் முறைவைத்துத் துப்பரவாக்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும், முற்றம் இருக்க வான் ஏன் எதிர்வீட்டில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். அம்மா ஒரே பதில் வைத்திருக்கிறார்: "அது இவள் வாதாடிப் பரீதாக்காவுக்கு வாங்கிக் குடுத்தது."

நான் படித்து முடித்து, இப்போது உத்தியோகம் பார்க்கிறேன். பேசும்போது மூச்சை முன்பைவிடக் குறைவாக இழுக்கிறேன் என்று தோழிகள் சொல்கிறார்கள். அண்மையில் என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பரீதா அன்ரி வட்டிலப்பம் செய்துகொண்டு வந்து, எங்கள் ஆட்களில் ஒருவராக முன்வரிசையில் இருந்தார். ஏதோ ஒரு கதையில் நான் என்னை மறந்து சற்று நீளமாகப் பேசிவிட்டேன் போலும். மாப்பிள்ளையின் தாயார் வியந்து, "பிள்ளை நல்லாக் கதைக்கிறா. ஏன் சட்டம் படிப்பிக்கேல்ல?" என்று கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லாக் கதைப்பாள்தான். ஆனா ஆருக்காகக் கதைக்கிறாள் எண்டது முடிஞ்ச பிறகுதான் தெரியவரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரி சிரிக்காமல், என் தட்டில் இன்னொரு துண்டு வட்டிலப்பத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு நடுவுலயே வெளங்கிட்டு."